ரெபேக்காவின் நாக்கு

ஆபிரகாம் வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கியபோது அவருடைய மூக்கு செத்துப் போயிருந்தது. இது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி ரெபேக்கா. அவள் குடிக்காதவள், பொய் சொல்லாதவள். அந்த இரண்டையும் நம்பித்தான் அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

யாங்கோனில் ஷ்வேப்யிதா தொழிற்பேட்டையில் இருந்த ஒரு பீர் ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அதில் பதினைந்து வருடம் சுவை பார்க்கும் குழுவில். தினமும் காலை பத்து மணிக்கு ஐந்து பேர் ஒரு வெள்ளை அறையில் உட்காருவார்கள். பேசக் கூடாது. வாசனைத் தைலம் பூசக் கூடாது. கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல் அளவு பீர் வரும். முகர்ந்து, நாக்கில் உருட்டி, கோளாறு இருந்தால் அதன் பெயரைத் தாளில் எழுத வேண்டும். வெண்ணெய் வாடை, நனைந்த அட்டை வாடை, அழுகின முட்டை, நகப்பூச்சு. ஐந்து தாளையும் சேர்த்துப் பார்த்தால் ஆபிரகாம் எழுதியது எப்போதும் சரியாக இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைக்கு எந்தத் தொட்டியில் என்ன வாடை, ஏன் வந்தது என்று மனைவிக்குச் சொல்வார். அவள் சோறு போட்டபடியே கேட்டுக்கொண்டிருப்பாள்.

2021 ஜூலையில் யாங்கோன் முழுக்க ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசை நின்றபோது அவருக்கும் காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் காலை ரெபேக்கா ஙப்பி வறுத்தாள். அந்த மீன் விழுதை வறுத்தால் மூன்று மாடிக்கு மணக்கும். ஆபிரகாம் பக்கத்து அறையிலிருந்து, "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டார். அவள் கரண்டியோடு வாசலில் வந்து நின்று அவரையே பார்த்தாள்.

மூக்கு திரும்பி வரவேயில்லை. நாக்கு இனிப்பு, புளிப்பு, கசப்பு என்று மூன்று சொல்லும். பீரின் மற்ற கதையெல்லாம் மூக்கு சொல்ல வேண்டியது. ஆலையில் யாரிடமும் சொல்லாமல் ஏழு மாதம் ஓட்டினார். மற்ற நான்கு பேர் முகத்தைப் பார்த்து எழுதினார். ஒருவர் புருவம் நெளிந்தால் ஏதோ கோளாறு, இருவர் நெளிந்தால் பெரிய கோளாறு. அவர் பிடிபடுவதற்கு முன்பே கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போய்விட்டது. ஆபிரகாமுக்கு ஐம்பத்தொரு வயது. மிங்கலா தாங்ஞுன்டில், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு குடிதண்ணீர்க் கடையில் இருபது லிட்டர் பாட்டில்களைக் கழுவி நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தார்.

ஆலை மூடிய மாதம், ஞாயிறு ஆராதனையில் ரெபேக்கா எழுந்து சாட்சி சொன்னாள். அவர்கள் சபையில் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். "இத்தனை வருசமா என்னைப் பீர்க்காரர் சம்சாரம்னுதான் எல்லாரும் சொன்னீங்க. இன்னிக்கு கர்த்தர் என் புருஷனை அந்தத் தொழில்லேர்ந்து எடுத்துட்டார். இனி எங்க வீட்டுல அந்த வாடையே கிடையாது." பெண்கள் பக்கம் கண்ணைத் துடைத்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஆபிரகாம் தலை குனிந்துகொண்டார். அடுத்த வருடம் பெண்கள் ஐக்கியத்துக்கு ரெபேக்காவைச் செயலாளராக்கினார்கள். இருபது வருடமாகத் தட்டிப்போன பதவி.

கோ மின் தூ என்பவன் ஒரு காலத்தில் ஆலையின் விற்பனைப் பிரிவில் இருந்தான். 2023 ஜனவரியில் அவன் தண்ணீர்க் கடைக்கே தேடி வந்தான். யாங்கினில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறானாம். வெளிநாட்டு பீர் வருவதில்லை, வருவதும் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. உரிமம் வாங்கிக் கடையிலேயே பீர் காய்ச்ச வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"முதல்ல வீட்டுல சின்ன அளவில செஞ்சு பாருங்க ஸயா. நல்லதா ஒண்ணு வந்ததும் கொண்டுவாங்க. வேலை உங்களுக்குத்தான். நாட்டுலயே நல்ல மூக்கு உங்க மூக்கு" என்றான் பர்மியில். ஆலையில் எல்லோரும் அவரை ஸயா, ஆசான், என்றுதான் அழைத்தார்கள்.

ஆபிரகாம் கையிலிருந்த ஈரத்தைக் கைலியில் துடைத்துக்கொண்டார். மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால், காய்ச்சியது நன்றாக இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது.

அன்று மாலை ரெபேக்காவிடம் கேட்டார். சண்டை வரும் என்று நினைத்தார். அவள் பைபிளை மூடிவைத்தாள். பின்பக்கம் ரயில் போனது.

"குடிக்க மாட்டேன். நாக்குல வச்சிட்டுத் துப்பிருவேன். சரின்னா செய்ங்க."

"நீ உள்ளத உள்ளபடி சொன்னாப் போதும்."

"நான் என்னிக்குப் பொய் சொன்னேன்?" என்றாள்.

சரக்குக்கு ஆபிரகாம் அதிகம் அலையவில்லை. ஆலையின் கிடங்குக் காப்பாளர் அமீர் அலி, ஏலத்தில் போன மிச்சத்தில் முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட் நாலு மூட்டை, கசப்பு தரும் ஹாப்ஸ் பூ ஒரு பை, புளிக்கவைக்கும் ஈஸ்ட் பொட்டலங்கள், ஒரு பெட்டி தங்க நிற மூடி, மூடி அடிக்கும் கைக்கருவி எல்லாம் எடுத்துவைத்திருந்தார்.

"நான் தொட்டதில்ல, மோந்ததில்ல. பதினெட்டு வருசம் இதுக்குக் காவல் இருந்தேன். அல்லா கேட்டா என்ன சொல்றது ஆபிரகாம்?"

"மூட்டைக்குத்தான் காவல்னு சொல்லுங்க பாய். உள்ள இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒரு ஆலை செய்வதை ஒரு அடுக்களையில் செய்ய வேண்டும். மில்லில் கொடுத்தால் பீரில் மிளகாய் வாடை ஏறும் என்று மால்ட்டைக் கையால் திருகும் யந்திரத்தில் உடைத்தார். அறுபத்தைந்து டிகிரி வெந்நீரில் அதைப் போட்டு, பானையைக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் தண்ணீர் இனிக்கும். வடிகட்டி, ஹாப்ஸ் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டார். கீழ் வீட்டுக்காரர்கள் மாடிப்படியில் வந்து, "என்ன இது, கஷாயமா?" என்று மூக்கைப் பிடித்தார்கள். அந்தக் கட்டடத்திலேயே அந்த வாசனை எட்டாத ஆள் அவர் ஒருவர்தான். பானையை ஐஸ்கட்டித் தொட்டியில் இறக்கி ஆறவைத்து, இருபது லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, ஈஸ்ட் தூவி, மூடியில் ஓட்டை போட்டு, ஒரு ரப்பர் குழாயை விட்டு, அதன் மறுமுனையைத் தண்ணீர் ஜாடிக்குள் வைத்தார். மறுநாள் குபுக் குபுக் என்று சத்தம் வந்தது. அதை மட்டும் காதால் தெரிந்துகொள்ள முடிந்தது.

கழுவுவது ரெபேக்காவின் பொறுப்பு. பீர் காய்ச்சுவதில் முக்கால்வாசி கழுவுவதுதான் என்று அவர் சொல்லியிருந்தார். பாட்டில், குழாய், மூடி எல்லாவற்றையும் ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் மூன்று முறை அலசுவாள். மின்சாரம் நான்கு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் வராது. அந்த நான்கு மணி நேரத்துக்குள் மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடித்து, கொதிக்கவைத்து, மூடிவைத்துவிடுவாள்.

முதல் பீர் பாட்டிலில் அடைத்து மூன்று வாரம் கழித்துத் திறந்தது. மூடியில் மார்க்கர் பேனாவால் ஒன்று என்று எழுதியிருந்தார். ரெபேக்கா முகர்ந்து, வாயில் வைத்து, குழாயடியில் துப்பினாள்.

"நனைஞ்ச அட்டைப்பெட்டி."

ஆபிரகாம் தலையாட்டினார். வடிக்கும்போது காற்று பட்டால் அந்த வாடைதான் வரும். அவர் குழாயைக் கொஞ்சம் தூக்கித்தான் பிடித்திருந்தார். இரண்டாவதில் வெண்ணெய் என்றாள். அவசரப்பட்டு எடுத்தால் அது வரும். அவர் இரண்டு நாள் முன்னதாக எடுத்திருந்தார். நாலாவது ஏப்ரல் மாதத்தில் புளித்தது. வெயில் முப்பத்தெட்டைத் தாண்டியது, ஐஸ்கடையில் ஐஸ் இல்லை. "நகப்பூச்சு" என்றாள். சூட்டில் புளித்தால் வேறென்ன வரும்? அவள் சொல்லும் ஒவ்வொரு வாடைக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. ஆலையின் சுவைக்குழுவில்கூட இப்படி ஒரு நாக்கைப் பார்த்ததில்லை என்று உள்ளூரப் பெருமைகூடப் பட்டார்.

கெட்டதைக் கீழே கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. தரைத்தளத்தில் இருந்த மாரிச்சாமி, ரயில் சரக்கு யார்டில் சுமைக்காரர்களுக்கு மேஸ்திரி, கை நீட்டினார்.

"குடு தம்பி. கியாக்தான்ல தங்கச்சி மாப்ள பன்னி வளக்குறான். பன்னிக்கு ஊத்திட்டு, பாட்டிலைக் கழுவித் தந்துர்றேன்."

பாட்டில்கள் ஒழுங்காகத் திரும்பி வந்தன.

ஆறாவதாக அவர் செய்தது பீர் இல்லை. தேனில் செய்யும் மீட் என்கிற மது. அடுப்பே வேண்டாம், மின்சாரமே வேண்டாம் என்பதால் அதில் இறங்கினார். மகுவேயிலிருந்து வந்த இலந்தைத் தேன் ஒரு பங்கு, ஆறிய தண்ணீர் மூன்று பங்கு, ஈஸ்ட். அவ்வளவுதான், பிறகு பொறுமை. ஆறு மாதம் கட்டிலுக்கடியில் கிடந்தது. மேகம் மாதிரி கலங்கிக் கிடந்தது மெல்லத் தெளிந்து, வெயிலில் பிடித்தால் பொன்னாக மின்னியது. அவர் நாக்குக்கே லேசான இனிப்பும் அடியில் ஒரு புளிப்பும் தெரிந்தன. இது நன்றாகத்தான் இருக்கும் என்று முதல் முறையாக நம்பினார்.

ரெபேக்கா டம்ளரை வாங்கினாள். வாயில் வைத்தவள் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். குழாயடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

"அழுகின முட்டை" என்றாள்.

ஆபிரகாம் அன்று கடைக்குப் போகவில்லை. கட்டிலுக்கடியில் காலியான இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரெபேக்கா டீ கொண்டுவந்து வைத்தாள், ஆறியது, எடுத்துப் போனாள். கோ மின் தூ போன் செய்தால் "இன்னும் கொஞ்ச நாள்" என்பார். ஒன்றரை வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் சரக்கு யார்டு ஓரத்தில் முனீஸ்வரனுக்குப் பூசை. சுமைக்காரர்கள் வருடா வருடம் செய்வது. ஆபிரகாம் போவதில்லை, கும்பிடாத இடத்தில் போய் நிற்பானேன் என்று இருப்பார். அந்த வருடம் எட்டாம் எண் பாட்டில்கள் திரும்பி வரவில்லை. கேட்டு வாங்கிவரலாம் என்று மத்தியானம் யார்டுக்கு நடந்தார்.

அரசமரத்தடியில் படையல் போட்டிருந்தது. வாழையிலையில் கோழிக்கறி, அவித்த முட்டை, கட்டுச் சுருட்டு. அதற்கு முன்னால் மூன்று பாட்டில், தங்க நிற மூடியோடு. மூடியில் அவருடைய கையெழுத்து. நான்கு. ஆறு. எட்டு.

"மாரிண்ணே" என்றார். "இது பன்னிக்குப் போனதில்லையா?"

மாரிச்சாமி தலையைச் சொறிந்தார். "ஒரு பாட்டில் ருசி பாத்தேன் தம்பி. அப்புறம் பன்னி ஞாபகமே வரல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "அண்ணே, ஆறாம் நம்பர் இன்னும் இருக்கா? தேன்ல செஞ்சதாமே. கடைசி வாய்க்கு அடிதடியாயிருச்சு" என்றான்.

"கெட்டுப்போனதுண்ணே அது. கெட்டுப்போனதைப் போயி..."

மாரிச்சாமியின் முகம் மாறியது. சிரிப்பு போய்விட்டது. "என்ன பேசுற? கெட்டுப்போனதை முனிக்கு வைப்பேனா நான்? கண்ணைப் புடுங்கிருவாரு. போன வருசம் ரம்மு வச்சோம். இந்த வருசம் உன்னுதுதான் வைக்கணும்னு பயலுக எல்லாம் சேர்ந்து சொன்னானுங்க. யாரு சொன்னா கெட்டுப்போச்சுன்னு?"

ஆபிரகாம் குனிந்து ஆறாம் எண் மூடியைப் பார்த்தார்.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னா குடுப்பியா?" என்றார் மாரிச்சாமி. பிறகு, கொஞ்சம் வெட்கப்பட்டவராக, படையல் முடிந்ததும் ஆறாம் எண் பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தார். அந்த எண்ணில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ரெபேக்கா ஐக்கியத்தின் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். பாட்டிலை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நல்லாருக்காம்."

அவள் பேனாவை மூடினாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை. "ஆமா."

"எல்லாமேவா?"

"ரெண்டாவதுல நுரை கம்மி. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

"நகப்பூச்சுன்னியே. ஆயுசுல நீ நகப்பூச்சு போட்டதுண்டா?"

"நீங்கதான சொல்வீங்க, சோறு திங்கறப்ப. சூட்டுல புளிச்சா அது வரும், காத்து பட்டா இது வரும்னு. பதினஞ்சு வருசம் கேட்டேன்ல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏன் ரெபேக்கா?"

"எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு சாட்சி சொன்னேன். கர்த்தர் எடுத்துட்டார்னு சொன்னேன். அதை நான் பொய்யாக்கணுமா?"

"அதுக்குப் பொய் சொன்னியா?"

"பாவந்தான். அதுக்கு நான் அவர்கிட்ட பதில் சொல்லிக்கிறேன்." அவள் குரல் உயரவில்லை. "நான் என்ன ஜெபம் பண்ணேன்னு உங்களுக்குத் தெரியுமா? கல்யாணமான வருசத்துலேர்ந்து தினமும். இந்த ருசியை இவர்கிட்டேர்ந்து எடுத்துரும் ஆண்டவரேன்னு. எடுத்தார். எடுத்ததைத் திரும்பக் குடுக்க நான் யாரு?"

"நான் காய்ச்சல்ல கிடந்தப்பவுமா அதைக் கேட்ட?"

"அப்ப உசிருக்குத்தான் கேட்டேன்" என்றாள். "ரெண்டையும் கேட்டுட்டாருபோல."

வெளியே மழை பிடித்தது. அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். "கழுவுறதுல நான் ஏமாத்தல. அதை மட்டும் நம்புங்க."

"இனிமே நீ ஒண்ணையும் தொடாத."

மறுநாள் கோ மின் தூவிடம் மீட் பாட்டிலைக் கொண்டுபோனார். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தான். மறுபடி குடித்தான். "இதை ஏன் இத்தனை நாள் கொண்டுவரல ஸயா?" என்றான். "போன வாரம்தான் மண்டலே ஆள் ஒருத்தன்கிட்ட இந்த வேலைக்குப் பேசிட்டேன்." மேசையை விரலால் தட்டினான். "ஆனா கடைக்கு வேண்டியது பீர். ஆறு வாரத்துல, கடையில பணம் போட்ட பங்காளிங்க ரெண்டு பேர் வர்றாங்க. புதுசா ஒரு பீர் கொண்டுவாங்க. நல்லாருந்தா அவனை வேண்டாம்னுடறேன்."

ஒன்பதாம் எண்ணை ஆபிரகாம் தனியாகக் காய்ச்சினார். மழைக்காலம், சூடு தணிந்திருந்தது. ஈஸ்ட் நன்றாக வேலை செய்தது. மிச்சமிருக்கும் இனிப்பை அளக்கும் மிதவை சரியான கோட்டில் நின்றது. கழுவும் நாளில் மட்டும் மின்சாரம் பகல் முழுக்க வரவில்லை. தொட்டியில் தண்ணீர் குறைவு. ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டதை ஒரு முறை அலசினார். இரண்டாம் முறைக்குத் தண்ணீர் போதவில்லை. ப்ளீச்சிங் வாடை போய்விட்டதா என்று மோந்து பார்க்க அவரால் முடியாது; கைக்கு வழவழப்பு தெரியவில்லை, அது போதும் என்று நினைத்தார். ரெபேக்கா அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கொண்டுபோகும் நாள் காலை. மாரிச்சாமி ஊரில் இல்லை. தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக் கியாக்தான் போயிருந்தார். ஆபிரகாம் ஒரு பாட்டிலைத் திறந்து நுரையைப் பார்த்தார். நிறம் தேன் மாதிரி. நாக்கில் அளவான கசப்பு. துணி மாற்றப் போய்த் திரும்பியபோது டம்ளர் ரெபேக்காவின் கையில் இருந்தது.

"கொண்டுபோகாதீங்க" என்றாள்.

அவர் சிரித்தார்.

"சத்தியமாச் சொல்றேன். கெட்டுப்போச்சு."

"என்ன வாடை? சொல்லு. அட்டையா, வெண்ணெயா?"

"அது எதுவும் இல்ல. எனக்குப் பேர் தெரியல." அவள் மறுபடி முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். "ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்குங்க."

பதினைந்து வருடத்தில் அப்படி ஒரு வாடையை அவர் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதே இல்லை. ஆலையில் அது வந்ததும் இல்லை. இவளுக்குச் சொல்ல வார்த்தை தீர்ந்துவிட்டது என்று நினைத்தார். எட்டு முறை கெட்டது என்றாள், எட்டும் நன்றாக இருந்தது. அவள் கெட்டது என்றால் நல்லது. இதைவிட நேரான கணக்கு உண்டா?

"ஏங்க, கால்ல விழறேன்" என்றாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

யாங்கின் கடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோ மின் தூ தானே ஊற்றினான். நுரை உயர்ந்து நின்றது; பங்காளிகளில் ஒருவன் ஆகா என்றான். ஆபிரகாம் எதிரே நின்று, ஆலையில் ஏழு மாதம் செய்த வேலையைச் செய்தார். முகங்களைப் பார்த்தார்.

ஒருவன் புருவம் நெளிந்தது. அடுத்தவனுடையதும் நெளிந்தது. கோ மின் தூ விழுங்காமல் எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போனான்.

"ஸயா" என்றான், திரும்பி வந்து, மெதுவாக. "இதை நீங்க முகர்ந்து பாத்தீங்களா?"

ஆபிரகாம் டம்ளரை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். ஒன்றுமில்லை.

"ஆஸ்பத்திரி வாடை அடிக்குது" என்றான் அவன். "காயத்துக்குப் போடற மருந்து மாதிரி. இது உங்க மூக்குக்குத் தெரியலன்னா..." அவர் மூக்கருகே நின்ற டம்ளரைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் மரியாதையாகத்தான் பேசினான். பஸ் நிறுத்தம்வரை வந்து பெட்டியைத் தூக்கிவிட்டான்.

மாலை ஐந்து மணிக்கு ஐக்கியக் கூட்டம். ரெபேக்கா போகவில்லை. கதவைத் திறந்தவள் அவர் தோளிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். இருபத்து நான்கில் ஒன்று குறைய, இருபத்து மூன்று பாட்டில்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னாங்க" என்றார் ஆபிரகாம்.

அவள் பெட்டியை வாங்கி அடுக்களையில் வைத்தாள். மின்சாரம் இருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து குழாயடியில் கவிழ்த்தாள். பிறகு பெரிய பானையில் மூன்று அலசலுக்கும் தண்ணீர் பிடித்து, கொதிக்கவைக்க அடுப்பில் ஏற்றினாள்.